மாமன் மடியும் சம்பளப் பிடித்தமும்

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சம்பளக்காரர்கள் வரியை எங்கும் வரிசையில் போய் நின்று கட்டுவதில்லை. ஒவ்வொரு சம்பளத்திலும் கம்பெனியே ஒரு தொகையைப் பிடித்து அரசாங்கத்துக்கு அனுப்பிவிடும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு வேலையில் சேரும்போதே நாம் ஒரு படிவம் எழுதிக் கொடுக்கிறோம். கலியாணம் ஆனவரா, வீட்டில் வேறு யாருக்காவது சம்பளம் உண்டா, பிள்ளைகள் எத்தனை என்று அதில் கேட்பார்கள். வருடம் முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். கூடப் பிடித்திருந்தால் திருப்பித் தருவார்கள். குறையப் பிடித்திருந்தால் மிச்சத்தை நாம் கட்ட வேண்டும். ரொம்பக் குறைந்திருந்தால் அபராதமும் சேரும். திருப்பித் தருவதற்கு ரீஃபண்டு என்று பெயர். இங்கே ஓஹயோ மாநிலத்தில் வந்து இறங்கிய நாள் முதல் எனக்கு மிகவும் பிடித்த ஆங்கிலச் சொல் அதுதான்.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி கொட்டிக் கொண்டிருந்தபோது, உற்சாகமாகக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். வரிக் கணக்குப் போட ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் மேல் மூலையில் ஒரு எண் தெரியும். நமக்கு வர வேண்டியது என்றால் பச்சை, நாம் கொடுக்க வேண்டியது என்றால் சிவப்பு. என் சம்பளத்தை எழுதினேன், பச்சை. மனைவி செல்வியின் சம்பளத்தை எழுதினேன். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. ஏதோ ஒரு பூச்சியம் கூடிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் சிவப்பு.

என்ன சத்தத்தையே காணோம் என்று செல்வி சமையலறையிலிருந்து கேட்டாள். உன் சம்பளத்தை எழுதினால் சிவக்கிறது என்றேன். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, பல்வலிக்காரர்களின் வசவையெல்லாம் கேட்டுச் சம்பாதித்த காசு, அதில் என்ன குறை கண்டீர்கள் என்று கரண்டியோடு வந்து நின்றாள். இருவருமாகப் பார்த்தோம். சிவப்புதான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், குறையப் பிடித்ததற்கான அபராதம் என்று ஒரு வரி வேறு.

வரி கட்டுவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சம்பாதிக்கிறோம், கட்டுகிறோம். ஆனால் மே மாதத்தில் எங்கள் ஊரான போடியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். பிள்ளை உட்கார வேண்டியது என் மடியில். மாமன் வீடு வந்து நின்றால்தான் ஆசாரி ஊசியையே எடுப்பார். அந்தப் பயணத்துக்கு நான் நம்பியிருந்த காசு இந்த ரீஃபண்டு.

2

ரீஃபண்டை நம்பி டிக்கெட் எடுக்கிற ஆள் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் காசு சேர்க்கும் முறையே அதுதான்.

அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். காய் பறித்து, உலர்த்தி, மூட்டையை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து போடியில் ஒரு கமிஷன் கடையில் போடுவார். கடை முதலாளி விற்றுக் கொடுத்ததும், அப்பா செலவுக்குக் கொஞ்சம் கையில் வாங்கிக்கொண்டு, மிச்சம் கணக்கில் கிடக்கட்டும் என்று அங்கேயே விட்டுவிடுவார். வட்டி கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கும்போது, பங்குனித் திருவிழாவுக்கு, வீட்டில் ஒரு விசேஷம் வரும்போது போய்க் கேட்பார். மொத்தமாக வரும். பாங்கு இரண்டு கடை தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் அப்பாவின் சேக்காளிகள் எல்லோரும் இப்படித்தான். காசு கையில் இருந்தால் மச்சினன் கேட்பான், மாமன் கேட்பான், இல்லை என்று சொன்னால் வருத்தம். கடையில் கிடந்தால், "முதலாளி இன்னும் குடுக்கல மாப்ளே" என்று யார் முகத்தையும் பார்த்துச் சொல்லிவிடலாம். முதலாளிக்கும் அது தெரியும். அவர் பெயரைச் சொல்லித் தப்பிக்கிறார்கள் என்று தெரிந்தே சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்த இரத்தம் எனக்கும். கார் இருக்கைகள் செய்யும் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தபோது, பிடித்தப் படிவத்தில் கலியாணம் ஆனவன் என்று போடாமல், ஒற்றை ஆளுக்குரிய அளவில் பிடிக்கும்படி குறித்தேன். அப்படிக் குறித்தால் கூடப் பிடிப்பார்கள். அது போதாதென்று, கூடுதலாக ஏதும் பிடிக்க வேண்டுமா என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், அதிலும் ஒரு நல்ல தொகையை எழுதினேன். சம்பளப் பிரிவுப் பெண்மணி நிஜமாகத்தானா என்று இரண்டு தடவை கேட்டார். காசு என் கையில் இருந்தால் செலவாகிவிடும் என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கணினியில் ஏற்றினார். அதன் பிறகு வருடா வருடம் மார்ச்சில் மொத்தமாக ரீஃபண்டு வரும். ஊருக்குப் போகிற வருடமென்றால், வந்த அன்று சாயங்காலமே மதுரைக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன்.

இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"வட்டி குடுக்குறானா?"

இல்லை என்றேன்.

"வருசப் பொறப்புக்குக் காலண்டராச்சும் குடுக்குறானா?"

அதுவும் இல்லை என்றேன். அப்படியானால் நம் முதலாளி எவ்வளவோ மேல் என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

3

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரேமண்டு என்று ஒரு சக தொழிலாளி, ஓய்வுபெறப் போகிறவர், பேச்சு நிற்காது. போன வருடம் ரீஃபண்டு வந்த சந்தோஷத்தில் நான் ஆலைக்கு ஏலக்காய் தட்டிப் போட்ட கேசரி கொண்டுபோயிருந்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு உபதேசத்தை ஆரம்பித்தார். அது உனக்கு வந்த பரிசில்லை, உன் காசு. வருடம் முழுக்க அரசாங்கத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டு, அவர்கள் திருப்பிக் கொடுத்ததற்கு இனிப்பு வேறு செய்கிறாய் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்கிறாரே என்றுதான் கோபம். சாப்பிட்ட கேசரிக்காவது மரியாதை வேண்டாமா. ஆனால் அந்த வாரமே போய்ப் படிவத்தை மாற்றினேன். கலியாணம் ஆனவன், பிள்ளை ஒன்று, கூடுதல் பிடித்தம் கிடையாது. நான் ஒருவன் மட்டும் சம்பாதிக்கிற வீடாக இருந்திருந்தால் அது மிகச் சரியான படிவம். ரேமண்டின் மேல் தப்பே இல்லை.

அதே மாதம் செல்விக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவளுக்கும் அதே படிவம் வந்தது. வீட்டில் இப்போது வரி நிபுணன் நான் அல்லவா, வாங்கி நானே நிரப்பினேன். கலியாணம் ஆனவள், பிள்ளை ஒன்று. நடுவில், உங்கள் துணைவரும் வேலை பார்க்கிறாரா, அப்படியானால் இந்தக் கட்டத்தைக் குறியுங்கள் என்று ஒரு கேள்வி. அதைத் தாண்டிப் போய்விட்டேன். தெரியாமல் தாண்டவில்லை. எங்கள் ஊரில் ரேஷன் கார்டுக்கு வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தால், சம்பாதிக்கிற ஆள் யார் யார் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். ஒருத்தர்தான் சார், அவருக்கும் உடம்பு சரியில்லை. அரசாங்கம் வீட்டுச் சம்பாத்தியத்தைக் கேட்டால் குறைத்துச் சொல்ல வேண்டும் என்று கைக்கே பழகிப் போயிருக்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டினாலும் அது போகவில்லை.

விளைவு என்னவென்றால், இந்த வீட்டில் நம் சம்பளம் ஒன்றுதான் வருகிறது, பாவம் என்று என் கம்பெனியும் நினைத்தது, செல்வியின் ஆஸ்பத்திரியும் நினைத்தது. இருவரும் குறைந்த வீதத்தில் பிடித்தார்கள். இருக்கிற ஒரே பிள்ளைக்கான சலுகையை இரண்டு இடத்திலும் வாங்கியிருக்கிறேன். முந்தின வருடத்து வரி அளவுக்காவது பிடித்தம் இருந்திருந்தால் அபராதம் வந்திருக்காது. அந்த அளவுக்கும் கீழே போய்விட்டது. வரித்துறை என்னிடம் ஒளிவுமறைவில்லாமல்தான் கேட்டிருக்கிறது. நான்தான் தாலுகா ஆபீஸ்காரரிடம் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறேன்.

சம்பளத்தில் கூட வந்த காசு எங்கே என்று கேட்பீர்கள். செல்வியும் கேட்டாள். பனி தள்ளும் இயந்திரம் ஒன்று வந்திருந்தது. காற்றில் வேக வைக்கும் அடுப்பு ஒன்று வந்திருந்தது, அதில் வடை போட்டுப் பார்த்து இரண்டு நாள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. மிச்சமெல்லாம் எங்கே போனது என்று இன்று வரை தெரியாது. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று சம்பளப் பிரிவுப் பெண்மணியிடம் நான் சொன்னது சத்திய வாக்கு.

4

தங்கை தனத்தைப் பற்றிச் சொன்னால்தான் என் கலக்கம் புரியும்.

போடிப் பக்கம் தேவாரம் என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மலையடிவாரத்தில் சோளமும் தென்னையும். யானை இறங்குகிற பருவத்தில் மாப்பிள்ளை அதை விரட்டத் தகர டின்னோடு காட்டுக்குக் காவலுக்குப் போய்விடுவார். நல்ல குடும்பம். ஆனால் அவள் கலியாணத்துக்கு நான் இல்லை. விசா புதுப்பிக்கப் போட்டிருந்தேன், வெளியே போனால் திரும்ப வர முடியுமா என்று சொல்ல முடியாது என்று வக்கீல் சொன்னார். சித்தப்பா மகன் ஒருவனை நிறுத்தி, அண்ணன் செய்ய வேண்டியதையெல்லாம் அவனைச் செய்யச் சொன்னார்கள். தனம் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் மாமியாரும் கெட்டவரில்லை. ஆனால் என் லீவுக்கு அமையாமல் போன ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒரு புது ஆளுக்கு, "இவளுக்கு ஒரு அண்ணன் இருக்காக, போட்டோவுல" என்று சொல்லிச் சிரிப்பார். தனமும் கூடச் சேர்ந்து சிரிப்பாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

கலியாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை யாழினி. பிள்ளை பிறந்த தகவலைச் சொன்னபோதே, காது குத்துக்கு அண்ணன் வந்துவிடும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன் என்றாள். தேதி வைப்பதற்கு முன்னாலும் என்னிடம்தான் கேட்டாள், லீவு கிடைக்குமா என்று. மே மாதம் தாராளமாக வை என்றேன். அப்போது மூலையில் எண் பச்சையாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சிவப்பு வந்த மறுநாள் அவளே கூப்பிட்டாள். பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறார்களாம், மாமன் பெயருக்குக் கீழே அமெரிக்கா என்று போடவா, போடி என்று போடவா என்று கேட்கத்தான். நான் பனியைப் பற்றிப் பேசினேன். ஆலையில் ஒரு இயந்திரம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசினேன். அவளுக்குச் சம்பந்தமே இல்லாத வரிப் பிடித்தத்தைப் பற்றிக்கூட விளக்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வர முடியாதா அண்ணே என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வருகிறேன் என்றேன். ஆனால் மூன்று பேரும் வருவது கஷ்டம், தட்டு வரிசையெல்லாம் ஊர் மெச்சுகிற மாதிரி வைக்க முடியுமா தெரியவில்லை, மாமியார் வீட்டில் உனக்குத் தலைகுனிவாகிவிடக் கூடாது என்று இழுத்தேன்.

"சீரு கெடக்கட்டும்ண்ணே. அதெல்லாம் பாக்குறவுகளுக்கு. எம் பிள்ளைக்கு மடிதான வேணும், அத மட்டும் கொண்டா."

போனை வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

5

முடிவெடுத்தது செல்வி. சின்னமனூர்க்காரி, முடிவெடுப்பதில் தாமதம் கிடையாது. வரித்துறையிடம் தவணை கேட்கலாம், மாதா மாதம் கட்டலாம், அதற்கு வசதி இருக்கிறது என்று இணையத்தில் பார்த்து வைத்திருந்தாள். இருக்கிற காசில் ஒரு ஆளுக்கு டிக்கெட் எடுக்கலாம். நான் பயந்தேன். அரசாங்கத்திடம் கடன் சொன்னால் நாளைக்கு ஏதாவது காகிதத்தில் அது நிற்காதா, நம்மைப் போன்றவர்களுக்கு இது ஆகுமா என்றேன்.

"இத்தன வருசம் நம்ம காசு அவுககிட்டச் சும்மாதான கெடந்துச்சு. அவுக நமக்கு நாலு மாசம் பொறுக்க மாட்டாகளா? வட்டியும்ல வாங்கப் போறாக. வெரசா டிக்கெட்டப் போடுங்க."

அடுத்த வேலை, இரண்டு படிவத்தையும் சரி செய்வது. இதற்கு மகள் இனியாவை உட்கார வைத்தோம். பதினாறு வயது. வரித்துறையின் இணையதளத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டு பேருடைய கடைசிச் சம்பளச் சீட்டையும் வைத்துக்கொண்டு கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னால், யார் படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது. பிள்ளை சலுகை என் படிவத்தில் மட்டும், இருவர் சம்பாதிக்கிறோம் என்ற கட்டம் இரண்டிலும். திரும்ப வரவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும் என்றாள் இனியா. எனக்கு அது என்னமோ உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருந்தது. வருடம் முழுக்க உழைத்துவிட்டு மார்ச்சில் ஒன்றுமே வராதா என்று கேட்டேன். டிக்கெட் காசு மாதா மாதம் சம்பளத்திலிருந்து நேராகத் தனியாக ஒரு பாங்குக் கணக்குக்குப் போகட்டும், அந்தக் கணக்கின் அட்டை அம்மாவிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு கமிஷன் கடை திறந்தாயிற்று. முதலாளியம்மா அவ்வளவு லேசில் காசை விடமாட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு, தன் கணக்கையும் பார்த்துவிடலாமா என்று இனியா கேட்டாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. போன வருடம் ரேமண்டு உபதேசம் செய்வதற்குச் சில வாரம் முன்னால் அவள் ஒரு ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளும் பிடித்தப் படிவம் கொண்டுவந்தாள். நான் அப்போது பழைய மதத்தில் இருந்தேன். கடைசிக் கட்டத்தில் கூடுதல் பிடித்தம் எழுதச் சொன்னேன், எழுதினாள். முதல் சம்பளத்தைப் பார்த்து, கரண்டியால் தோண்டித் தோண்டிக் கை வீங்கினதுக்கு இவ்வளவுதானா என்று அழுதாள். பிறகு நான் மதம் மாறிவிட்டேன். என் படிவத்தை மாற்றிய ஞானத்துக்கு மகள் படிவம் ஞாபகம் வரவில்லை.

அவள் சம்பாதித்தது வரி போடுகிற அளவே இல்லை. எண்களை எழுதினாள். மூலையில் பச்சை வந்தது. பிடித்தது பூராவும் திரும்ப வருகிறது. வீட்டில் மூன்று பேர் சம்பாதிக்கிறோம், ரீஃபண்டு வருகிற ஒரே ஆள் அவள். அன்று சாயங்காலம் முழுக்க என்னைப் பார்க்கும் போதெல்லாம் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

அவளுக்குப் போடி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது குரங்கணி ஆற்றை விட்டு வரமாட்டேன் என்று ஜீப்புக்குள் உருண்டு அழுதவள். போன தடவை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் எப்ப வந்த, எப்ப போற என்று இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள், மூன்றாவது கேள்வி யாருக்கும் தெரியவில்லை என்றாள். இந்தக் கோடையில் கடையில் அவளை மேற்பார்வைக்கு உயர்த்துகிறார்கள், டிக்கெட் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. செல்வி அளவுக்குக் காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அதனால் மறுநாள் அவள் வந்து, தாய்மாமன் என்னவெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டபோது ஆச்சரியமாக இருந்தது. சொன்னேன். பட்டுப்பாவாடை, வளையல், பழத்தட்டு, மாலை. முக்கியமாகக் கம்மல். காது குத்தியதும் மாமன் வீட்டுக் கம்மல்தான் ஏற வேண்டும். கம்மலைத் தான் வாங்கித் தருவதாகச் சொன்னாள். கூடாது என்றேன். பிள்ளை காசில் மாமன் சீர் செய்தான் என்று இருக்கக் கூடாது என்றேன்.

"நீ பிடிக்கச் சொன்ன காசுதானேப்பா அது. இல்லைன்னா நான் எப்பவோ செலவு பண்ணியிருப்பேன்."

சரி, நீயே வாங்கு என்றேன். செல்வி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

6

மே மாதம் போனேன். தனியாகத்தான். கம்மலைப் போடி கடைவீதியில் நின்று, வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டி, இனியா தேர்ந்தெடுக்க, வாங்கினேன். மிளகு அளவு இருக்கும். கடைக்காரர், அமெரிக்காவிலிருந்து பேரம் பேசிய முதல் ஆள் உங்கள் மகள்தான் என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் குரங்கணி போகிற வழியில் ஒரு மரத்தடியில் இருக்கிறது. பந்தல் போட்டிருந்தார்கள். தேவாரத்திலிருந்து ஒரு பஸ்சும் நாலைந்து ஜீப்புகளும் வந்து நின்றன. தட்டுகளோடு நான் போய் இறங்கியதும் தனத்தின் மாமியார் பந்தல் வாசலுக்கே வந்து வாங்க என்றார். போட்டோவிலிருந்து இறங்கி வந்துவிட்டீர்களா என்று சிரித்தார். அதில் குத்தல் இல்லை, நிஜமான சந்தோஷம்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "மாமன் வீட்டுல ஒராளுதான் வந்துருக்காகளா" என்றும் கேட்டார். தனம் என்னைப் பார்க்கவில்லை. தட்டை வாங்கி வைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

பலகையில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினியைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். நான் போன தடவை ஊருக்கு வந்துபோன பிறகு பிறந்தவள், அதுவரை என்னைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், விரலால் ஒரு தடவை தேய்த்தும் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு காது முடிவதற்குள் என் கட்டை விரலைக் கடித்துவிட்டாள். நல்ல பல். இரண்டாவது காதுக்கு நான்கு பேர் பிடித்தார்கள். கம்மல் ஏறியதும் தனம் குனிந்து பிள்ளையை வாங்கினாள். வாங்கும்போது என் தோளை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அதற்காக நான் இன்னும் பத்து வருடம் தவணை கட்டுவேன்.

பிறகு பந்தி ஒரு பக்கம், மொய் ஒரு பக்கம். எங்கள் பக்கம் மொய் எழுத எழுத மைக்கில் வாசிப்பார்கள். முதலில் ஊர், அப்புறம் பெயர், அப்புறம் செய்தது. சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்தாமல் காதை மட்டும் அங்கே வைத்திருப்பார்கள். வாசித்துக்கொண்டிருந்தவர் மாமன் சீருக்கு வந்தபோது நான் போய், கம்மலை மட்டும் என் மகள் பெயரில் வாசியுங்கள் என்று சொன்னேன். பெயர் இனியா, மாமன் மகள். எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஊரு என்னன்னு போட?"

போடி என்று சொல்ல வாயெடுத்தேன். கையிலிருந்த போனில் இனியா இருந்தாள், அங்கே இரவு, தூங்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு ஊர் நான் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. போனைக் காதில் வைத்து அவளிடமே கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"ஓஹயோன்னு சொல்லுப்பா. அங்கேதானே நான் வேலை செஞ்சேன்."

எனக்கு வருத்தமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. யாருக்காகவும் கூட்டியோ குறைத்தோ சொல்லத் தெரியாத பிள்ளை. வாசிப்பவரிடம் சொன்னேன். இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். மைக் கரகரத்தது. தேவாரம் இன்னார், சிலமலை இன்னார் என்று அவர் வாசித்துக்கொண்டே வந்த அதே மூச்சில், "ஓகயோ, இனியா, மாமன் மக, தங்கக் கம்மல் ஒரு சோடி" என்றார். நிறுத்தாமல், "குரங்கணி" என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடிவாரத்தில் அதுவும் ஒரு ஊர் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், தேவாரத்துக்காரர், என் பக்கம் சாய்ந்து அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மேற்கே என்றேன். கம்பத்துக்கும் மேற்கா என்றார். ஆமாம், கொஞ்சம் தள்ளி என்றேன். அந்தப் பிள்ளை வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வேலை இருக்கிறது, வர முடியவில்லை என்றேன்.

"அதுதேன் பேரு வாசிச்சாச்சுல்ல. வந்த கணக்குத்தேன்."

தனத்தின் மாமியார் இலைகளுக்கு நடுவே நின்று அதைக் கேட்டுத் தலையாட்டினார். போனுக்குள்ளிருந்து இனியா, அந்தத் தாத்தா என்னப்பா சொல்றார் என்று கேட்டாள். நீ வந்திருக்கிறாய் என்று சொல்கிறார் என்றேன்.